சிறிய லேத்தில் குயிக் சேஞ்ச் டூல் போஸ்ட் பொருத்த முடியுமா? எதையெல்லாம் மாற்ற வேண்டியிருக்கும்?

பொருத்தலாம். லேத்தில் பிட்டை, அதாவது கடையும் கத்தியை, பிடித்து நிறுத்துவதுதான் டூல் போஸ்ட். குயிக் சேஞ்ச் வகையில் ஒவ்வொரு பிட்டும் தனி ஹோல்டரில் இருக்கும், ஹோல்டரோடு சட்டென்று மாற்றலாம். என் 7 அங்குல மினி லேத்தில் பொருத்தி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் பணம் கட்டும் முன் ஒரே ஓர் அளவை எடுத்துவிடுங்கள். அதை எடுக்காமல் வாங்கியவர்கள்தான் பிறகு புலம்புகிறார்கள்.

போஸ்ட் உட்காரும் காம்பவுண்ட் ஸ்லைடின் மேல்தளத்திலிருந்து சென்டர் வரை, அதாவது கடையும் பொருள் சுழலும் அச்சு வரை, எவ்வளவு உயரம் என்பதுதான் அந்த அளவு. லேத்தின் வலது ஓரத்தில் இருக்கும் டெயில் ஸ்டாக்கில் டெட் சென்டர் எனும் கூர்முனைத் தண்டைப் போட்டு, அதன் முனைக்கு அருகில் காம்பவுண்டைக் கொண்டுவந்து ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். என் லேத்தில் 26 மி.மீ. இருந்தது. ஹோல்டரில் பிட் உட்காரும் பள்ளத்துக்கு அடியில் இருக்கும் கனமும் பிட்டின் உயரமும் சேர்ந்து இதற்குள் அடங்க வேண்டும். போஸ்ட்டுகளின் அமெரிக்க அளவு வரிசையில் 0எக்ஸ்ஏ என்பது சிறியது, ஏஎக்ஸ்ஏ அடுத்தது. நான் வாங்கிய 0எக்ஸ்ஏ ஹோல்டரின் அடிக்கனம் 9 மி.மீ.; 12 மி.மீ. பிட்டுடன் 21. ஏற்றி இறக்க 5 மி.மீ. மிச்சம். நண்பர் ஒருவர் ‘பெரியது உறுதியாக இருக்கும்’ என்று இதே போன்ற லேத்துக்கு ஏஎக்ஸ்ஏ வாங்கினார். அதன் அடிக்கனம் 13 மி.மீ.; 16 மி.மீ. பிட்டைப் போட்டதும் முனை சென்டருக்கு 3 மி.மீ. மேலே போய் நின்றது. அவர் இப்போது அதில் 12 மி.மீ. பிட் மட்டும் போடுகிறார்.

என்னிடம் அதற்கு முன் இருந்தது லேத்துடன் வந்த நான்கு பக்கப் போஸ்ட். முனையைச் சென்டர் உயரத்துக்குக் கொண்டுவர ஒவ்வொரு பிட்டுக்கும் அடியில் பேக்கிங், அதாவது தகட்டுத் துண்டுகள், வைக்க வேண்டும். ஹேக்சா பிளேடு துண்டு ஒன்றுக்கு ஏறத்தாழ 0.65 மி.மீ. ஏறும், அதுவும் அதிகம் என்றால் குளிர்பானக் கேனில் வெட்டிய தகடு. பிட்டைக் கழற்றியதும் அந்தத் துண்டுகள் கடைசல் சுருள்களுக்குள் விழுந்து காணாமல் போகும். கடைசலுக்குப் பத்து நிமிடம், பேக்கிங் தேட இருபது நிமிடம்.

புதியதை நேராக மாட்ட முடியவில்லை. போஸ்ட்டை நிறுத்தும் ஸ்டட் (மரைத் தண்டு) என் லேத்தில் 10 மி.மீ., போஸ்ட்டின் துளையோ 16. காம்பவுண்டின் நடுவில் ஸ்டட்டைச் சுற்றி 3 மி.மீ. உயரத்துக்கு ஒரு வட்ட மேடு வேறு. போஸ்ட் அதன்மேல் ஏறி நின்று ஆடியது. மேட்டைச் சீவிவிடலாம் என்று காம்பவுண்டைத் தூக்கிக்கொண்டு கோவை கணபதியில் ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த வயதான டர்னர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, மெஷினில் கை வைக்காதீர்கள். வாங்கி வந்த சாமானில் வையுங்கள்” என்று கையிலேயே திருப்பிக் கொடுத்தார். கூலியும் வாங்கவில்லை, வேலையும் செய்யவில்லை.

அவர் சொன்னபடி போஸ்ட்டின் அடிப்பக்கத்தில் ஒரு மூலையில் அரத்தை வைத்து உரசினேன். அரம் பிடித்துப் பொடி உதிர்ந்தது; அதாவது இரும்பு கடினப்படுத்தப்படவில்லை. (வழுக்கினால் மிகக் கடினமான கார்பைடு பிட் வேண்டும். அல்லது மேட்டுக்குத் துளை விட்ட, இரு முகமும் இணையான தகடு ஒன்றைப் போஸ்ட் அளவுக்கே வெட்டி அடியில் வைக்க வேண்டும்.) நான்கு தாடைகளும் தனித்தனியே நகரும் ஃபோர் ஜா சக்கில் போஸ்ட்டைப் பிடித்து, டயல் கேஜால் துளையை நடுவுக்குக் கொண்டுவந்து, மேட்டை விட அரை மி.மீ. அகலமாகவும் ஆழமாகவும் பள்ளம் போரிங் செய்தேன். பிறகு வெளியே 16, உள்ளே 10 மி.மீ. அளவில் துளைக்கும் ஸ்டட்டுக்கும் இடைவெளியை நிரப்ப ஒரு பித்தளைப் புஷ் (குழாய்த் துண்டு) கடைந்தேன். இந்த இரண்டு வேலைக்கும் பழைய போஸ்ட்டும் பேக்கிங்கும் வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். நான் ஆர்வத்தில் பழையதைக் கழற்றி எண்ணெய் தடவி டப்பாவில் போட்டுவிட்டு, மறுநாள் காலையில் தேடி எடுத்து மறுபடி மாட்டினேன்.

பழைய போஸ்ட்டை நான்கு திசையில் நிறுத்தும் ஸ்பிரிங் முள் காம்பவுண்டில் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். ஸ்டட் நீளம் பற்றாவிட்டால் ஹைடென்சில் போல்ட்டில் புதிதாகச் செய்துகொள்ளலாம். மாட்டியபின் போஸ்ட்டின் நான்கு மூலைக்கடியிலும் செய்தித்தாள் துண்டுகளை வைத்து நட்டை இறுக்கி, ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். எனக்கு ஒன்று உருவிக்கொண்டு வந்தது. பள்ளத்தின் விளிம்பில் மயிரிழை அளவு பிசிறு. அரத்தால் இரண்டு தேய், சரியாகிவிட்டது.

ஹோல்டரைப் பூட்டும் முறையில் பிஸ்டன், வெட்ஜ் (ஆப்பு) என்று இரண்டு வகை விற்பார்கள். பிஸ்டன் ஹோல்டரை வெளியே தள்ளிப் பிடிக்கும். வெட்ஜ் போஸ்ட்டோடு இழுத்து ஒட்டவைக்கும். கையில் காசு இருந்தால் வெட்ஜ்தான். கழற்றி மாட்டினாலும் பிட் பழைய இடத்துக்கே வருவதில் அது மேல்.

உயரம் வைக்க, கடையும் உருளைக்கும் பிட் முனைக்கும் இடையில் மெல்லிய ஸ்கேலை மெதுவாக நெருக்குங்கள். ஸ்கேலின் தலை உங்கள் பக்கம் சாய்ந்தால் பிட் தாழ்ந்திருக்கிறது, அந்தப் பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. செங்குத்தாக நின்றதும் ஹோல்டரின் உயர நட்டைப் பூட்டிவிட்டால் அந்த ஹோல்டரை மறந்துவிடலாம். என்னிடம் இப்போது ஆறு ஹோல்டர்கள் இருக்கின்றன.

பார்ட்டிங்குக்கு (கம்பியைக் குறுக்கே வெட்டி எடுப்பது) மட்டும் இது எனக்குப் பிடிக்கவில்லை. பிட் போஸ்ட்டுக்கு வெளியே தள்ளி நிற்பதால் ஸ்லைடின் ஆட்டத்தைக் குறைக்கும் கிப்பை எவ்வளவு இறுக்கினாலும் 25 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) கம்பியில் கடகடவென்று அதிர்கிறது. அந்த வேலை வரும் நாளில் டப்பாவைத் திறந்து பழைய போஸ்ட்டை எடுத்துத் துடைக்கிறேன்.