குரோஷா ஊசியின் கொக்கி முனை உடைவது பற்றி

பெட்டி வெட்டும் கட்டரால் தேக்கில் செதுக்கும் குரோஷா ஊசி கொக்கியருகே உடைந்துகொண்டே இருக்கிறது, கத்தியை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். கத்தியை மாற்றுவதற்கு முன் மரத்தை மாற்றுங்கள். தேக்குப் பலகைத் துண்டில் செதுக்கிய 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஊசி மூன்று முறையும் கொக்கியை ஒட்டி ஒடுங்கும் கழுத்திலேயே முறிந்தது என்றால், மரத்தின் ரேகை, அதாவது நார் ஓடும் திசை, ஊசியின் நீளவாக்கில் ஓடாமல் சாய்வாக வெளியேறுகிறது என்பதே பெரும்பாலும் காரணம். ரம்பம் ரேகையைப் பார்த்து அறுப்பதில்லை. போதாக்குறைக்குத் தேக்கின் துளைகள் பெரியவை. அதிலுள்ள சிலிக்கா கத்தி முனையையும் விரைவில் மழுக்கிவிடும்.

மீதமுள்ள துண்டின் பக்கவாட்டில் ஒரு சொட்டுப் பேனா மையை வைத்துப் பாருங்கள். மை நாரோடு நீளமாகப் பரவும். அந்தக் கோடு விளிம்புக்கு இணையாக இல்லாவிட்டால் அத்துண்டு ஊசிக்கு உதவாது.

கணு இல்லாத கொய்யாக் கிளையையோ, கர்நாடகத்தின் சன்னபட்டணத்தில் செய்யப்படும் மரப் பொம்மைகளுக்குப் பயன்படும் வெட்பாலையையோ எடுத்து, அறுக்காமல் நீளவாக்கில் பிளந்து, நடுவிலுள்ள மென்மையான சோற்றுப் பகுதியை நீக்கிவிடுங்கள். பச்சையாக இருக்கும்போதே சற்றுத் தடிமனாகச் செதுக்கி, தாளில் சுற்றி நிழலில் உலர்த்திய பிறகு கொக்கியை வெட்டுவது நல்லது.

நீங்கள் பயன்படுத்தும் பெட்டி வெட்டும் கட்டரின் அலகு வளைந்துகொடுப்பதால் கழுத்தில் தேவைக்கு மேல் ஆழமாக இறங்கிவிடும். 5 சென்டிமீட்டர் நீளமுள்ள, வளையாத கார்பன் எஃகு அலகு போதும். அதைத் தோல்பட்டையில் அடிக்கடி தீட்டிக்கொள்ளுங்கள்.

கிளை நேராக இருக்கிறதே என்று அரளியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அதன் எல்லாப் பகுதிகளும் நச்சுத்தன்மை கொண்டவை.