1 ஃபாரட் கார் ஆடியோ கெபாசிட்டரைச் சோதித்து சார்ஜ் செய்வது

பழைய 1 ஃபாரட் கெபாசிட்டர் (கார் ஆடியோவுக்காக மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் பாகம்; ஃபாரட் என்பது அதன் கொள்ளளவின் அலகு) நன்றாக இருக்கிறதா, நேரடியாக பேட்டரியில் மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நேரடியாக மட்டும் வேண்டவே வேண்டாம். காலியான கெபாசிட்டர் அந்த நொடியில் ஷார்ட் சர்க்யூட் மாதிரிதான். தீப்பொறி பறக்கும், டெர்மினல் கருகும்.

மேல்பகுதி வீங்கியோ கசிந்தோ இருந்தால் சோதிக்காமலே ஒதுக்கிவிடுங்கள். இல்லையென்றால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று போதும். முதலில் கெபாசிட்டரின் நெகட்டிவை எர்த்தில் (காரின் உலோக உடலில்) இறுக்குங்கள். அப்புறம் பேட்டரி பாசிட்டிவுக்கும் கெபாசிட்டர் பாசிட்டிவுக்கும் நடுவே ரெசிஸ்டரைக் கோத்து, கெபாசிட்டரின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பேட்டரி 12.6 வோல்ட் என்றால், பூஜ்யத்திலிருந்து 8 வோல்ட்டைத் தொட சுமார் 100 நொடி ஆக வேண்டும். சாதாரண மீட்டர்களால் இவ்வளவு பெரிய கொள்ளளவை அளக்க முடியாது. அதனால் கடிகாரத்தைத்தான் நம்புவேன். 50 நொடியிலேயே தொட்டால் கொள்ளளவு பாதிதான். வோல்ட் ஏறவே இல்லையென்றால் உள்ளே ஷார்ட். முழுதாக ஏற எட்டு, ஒன்பது நிமிடம் பிடிக்கும். அதன்பின் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு நேரடி வயரை ஃபியூஸோடு மாட்டலாம்.

கழற்றும்போது பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, அதே ரெசிஸ்டரை இரு முனைகளுக்கும் குறுக்கே வைத்து வடியவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது ஆபத்து. மோதிரத்தையும் முதலிலேயே கழற்றி வையுங்கள்.