ஐ.சி.யில் (தேசிய அடையாள அட்டையில்) எந்த வரியை முதலில் பார்க்கிறார்கள்?

குற்றவியல் படிப்பிக்கிறேன். இரவு வாழ்க்கை, பொலிஸ், இனம் மூன்றும் சந்திக்கும் இடம்தான் என் ஆய்வு. வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில்.

வெள்ளவத்தை வாசகர்: கிளப் வாசலில் இனத்துக்கு என்ன வேலை? சண்டை பிடிப்பவனைத்தானே பிடிக்கிறார்கள்?

சண்டைக்குப் பிறகு பிடித்தால் சரி. லண்டனில் சண்டைக்கு முன்னரே ஆள் தேடினார்கள். 2005இல் அங்குள்ள பெருநகரப் பொலிஸ் ‘படிவம் 696’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. இசை நிகழ்ச்சி நடத்துபவர் கலைஞர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் எழுதிக் கொடுக்கவேண்டும். என்ன வகை இசை, எந்த இனத்தவர் வருவார்கள் என்றும் ஆரம்பத்தில் கேட்டார்கள். இனக் கேள்வியைப் பிறகு எடுத்துவிட்டார்கள். ஆனாலும் கறுப்பின இளைஞர்களின் ‘கிரைம்’ (grime) என்ற ராப் வகை இசை நிகழ்ச்சிகள்தான் தொடர்ந்து மாட்டுப்படுகின்றன என்ற முறைப்பாடு ஓயவில்லை. 2017இல் படிவத்தையே கைவிட்டார்கள்.

கொட்டாஞ்சேனை வாசகி: இங்கே அப்படிப் படிவம் இல்லையே?

எதற்கு? ஐ.சி. இருக்கிறதே. இரவு பதினொரு மணி, காலி வீதியில் ஒரு ஆட்டோ, உள்ளே மூன்று பொடியன்கள். "கொஹெத யன்னே?" (எங்கே போகிறீர்கள்?) பதில் சொல்லும் சிங்களத்திலேயே பாதி தெரிந்துவிடும். டோர்ச் வெளிச்சம் பெயரில் ஒரு கணம் நிற்கும், பிறகு பிறந்த இடத்துக்கு இறங்கும். யாழ்ப்பாணம் என்றால் இன்னும் இரண்டு கேள்வி. ஒருமுறை என் அட்டையிலும் அந்த வெளிச்சம் அப்படித்தான் இறங்கியது. விரிவுரையாளர் என்றதும் அட்டை திரும்பி வந்தது. பொடியன்களுக்கு அந்தச் சலுகை ஏது?

தெஹிவளை வாசகர்: அதெல்லாம் யுத்தகாலக் கதை.

2007 ஜூனில் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழர் 376 பேரை விடியற்காலையில் பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் மறுநாளே இடைக்காலத் தடை போட்டது. அளவில் அது யுத்தகாலம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யாரை மறிப்பது என்பதை அந்த நேரத்தில் வீதியில் நிற்பவரே தீர்மானிக்கும் வழக்கம் யுத்தத்தோடு முடிந்துவிடவில்லை.

மருதானை வாசகர்: முறைப்பாடு செய்ய வழி உண்டா?

உண்டு. அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இனம், மொழியோடு ‘பிறந்த இடத்தையும்’ பெயர் சொல்லியே காக்கிறது. உயர் நீதிமன்றத்துக்கு 126இன் கீழ் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. மறித்த இடம், நேரம், தோள்பட்டை இலக்கம் மூன்றையும் அன்றிரவே எழுதி வையுங்கள். காலையில் இலக்கம் மறந்துபோகும்.