இரண்டு நிறுவனங்கள் இணையும்போது கையிருப்பில் உள்ள உபரிப் பொருட்களும் ஆட்களும் என்ன ஆகும்?

உங்களிடமும் 'உபரிப் பட்டியல் அனுப்புங்கள்' என்று மெயில் வந்திருக்கும், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் பராமரிப்புத் துறையில் இருக்கிறேன், எங்கள் நிறுவனத்தை இன்னொன்று வாங்கியபோது நடந்ததைச் சொல்கிறேன்.

இணைப்பால் இவ்வளவு மிச்சமாகும் என்று முதலீட்டாளர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஸ்டோர்ஸைத் திறந்து பார்ப்பதெல்லாம் அப்புறம்தான், அந்தத் தொகையை எங்கிருந்து எடுப்பது என்று தேடிக்கொண்டு வருவார்கள். எங்களிடம் பம்புக்கு ஒரு ஸ்பேர் மோட்டார் இருந்தது, அவர்களிடமும் ஒன்று. கிலோவாட் ஒன்றே, சுழலும் வேகமும் (ஆர்பிஎம்) ஒன்றே, ஆகவே இரண்டுக்கும் ஒரே பொருள் குறியீடு போட்டு, 'இரண்டு ஆலைக்கும் ஒன்று போதும்' என்று எங்களுடையதை விற்றுவிட்டார்கள். எங்களுடையது அடியில் கால் வைத்து தரையில் போல்ட் போடும் வகை, அவர்களுடையது முகப்பில் பொருத்தும் ஃபிளாஞ்ச் வகை. எழுதியும் கொடுத்தேன், யாரும் படிக்கவில்லை. ஒரு நாள் ராத்திரி ஓடிக்கொண்டிருந்த மோட்டாரின் கம்பிச் சுருள் கருகியது. லாரியில் வந்து இறங்கிய அந்த ஸ்பேரை எங்கள் பேஸில் உட்காரவைக்கவே முடியவில்லை, பழையதற்குப் புதுக் கம்பி சுற்றிக் கொண்டுவரும்வரை உற்பத்தி லைன் நின்றது.

உடனே 'வெட்டவே கூடாது என்கிறாயா' என்று வராதீர்கள். இரண்டு சம்பள மென்பொருள், இரண்டு தலைமை அலுவலகம் எதற்கு, தாராளமாக எடுக்கட்டும். ஆனால் ஆட்கள் விஷயம் வேறு. பழைய கணக்கு முறையும் புதியதும் சேர்ந்து ஓடும் மாதங்களில் வேலை இரட்டிப்பாகும், கையில் நாலு பேர் கூடுதலாக வேண்டியதே அப்போதுதான், சரியாக அந்த நேரத்தில்தான் ஆட்களைக் குறைக்கிறார்கள். 2015இல் இரண்டு அமெரிக்க உணவு நிறுவனங்கள் இணைந்து உருவான கிராஃப்ட் ஹைன்ஸ் கடுமையான செலவுக் குறைப்புக்குப் பேர்போனது, 2019இல் அதன் பிராண்டுகள் உள்ளிட்ட சொத்து மதிப்பில் 1,540 கோடி டாலரைக் குறைத்து எழுத வேண்டிவந்தது. அதற்குச் செலவுக் குறைப்பு மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் வெட்டியதால் கிடைத்த மிச்சம் அந்த மதிப்பைக் காப்பாற்றவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தலை நரைத்த எங்கள் ஃபிட்டர்களுக்குப் புதுப் பணியாளர் எண் கொடுத்து, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான அறிமுக வகுப்பில் உட்காரவைத்தார்கள். இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வரும்.

சரி, உங்கள் பட்டியலுக்கு வருவோம். 'கடைசியாக எடுத்த தேதி' என்று ஒரு கட்டம் இருக்கும், அதை மட்டும் நிரப்பி அனுப்பாதீர்கள். பக்கத்திலேயே 'இது இல்லாவிட்டால் எந்த லைன் எத்தனை நாள் நிற்கும்' என்று நீங்களே ஒரு கட்டம் சேர்த்து, மேலாளரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.