டெல்லியில் ஒரே நாளில் ஏழு அருங்காட்சியகமா?

(டெல்லியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு டெல்லிக்குப் போகிறோம். மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. அருங்காட்சியகங்களுக்கென்று ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். தேசிய அருங்காட்சியகம், ரயில், பொம்மை, கைவினை, நவீன ஓவியம், காந்தி, இந்திரா காந்தி இல்லங்கள் என்று ஏழு பட்டியலில் இருக்கின்றன. எந்த வரிசையில் போனால் எல்லாவற்றையும் பார்க்கலாம்?
வாசகி, காரைக்குடி

எந்த வரிசையில் போனாலும் முடியாது அம்மா. ஏழு வாசலையும் மிதித்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். டிசம்பரில் டெல்லியில் சீக்கிரமே இருட்டிவிடும். பெரும்பாலான இடங்களைக் காலை பத்து மணி வாக்கில் திறந்து மாலை ஐந்து, ஆறுக்குள் மூடிவிடுவார்கள். நடுவில் சாப்பாடு, ஆட்டோ, பாதுகாப்புச் சோதனை வரிசை எல்லாம் இருக்கின்றன. ஐந்தாவது இடத்துக்குள் நுழையும்போது உங்கள் மகன் தரையில் உட்கார்ந்துவிடுவான்.

முதலில் கிழமையைப் பாருங்கள். நீங்கள் எழுதியிருக்கும் முக்கியமான இடங்களுக்கெல்லாம் திங்கட்கிழமை விடுமுறை. ஊரிலிருந்து இரண்டு இரவு ரயிலில் வந்து, திங்களன்று ஜன்பத் சாலையில் தேசிய அருங்காட்சியகத்தின் பூட்டிய கேட்டின் முன்னால் நிற்கும் குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நாளைக் குதுப் மினாருக்கும் ஹுமாயூன் கல்லறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் திங்களன்றும் திறந்திருக்கும்.

அருங்காட்சியக நாளில் காலையில் ஒன்று, மதியம் ஒன்று போதும். காலைக்கு ஜன்பத்தில் இருக்கும் தேசிய அருங்காட்சியகம். சுதந்திரம் கிடைத்த சமயத்தில் லண்டனில் இந்தியக் கலைப் பொருட்களின் பெரிய கண்காட்சி ஒன்று நடந்தது. அதற்காக நாடெங்கிலுமிருந்து திரட்டிய சிலைகள் திரும்பி வந்தபோது, அவற்றைப் பிரித்து அனுப்ப மனம் வராமல் இங்கேயே வைத்துக்கொள்ள முடிவு செய்தார்கள். 1949 ஆகஸ்ட் 15 அன்று குடியரசுத் தலைவர் மாளிகையின் அறைகளில் அதைத் தொடங்கிவைத்தவர், அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த நம் ராஜாஜி. ஜன்பத் கட்டடம் 1960 டிசம்பரில்தான் திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர் டாக்டர் ராதாகிருஷ்ணன்.

உள்ளே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் சேர்ந்திருக்கின்றன. அதை நினைத்து மலைக்க வேண்டாம். தரைத்தளத்தில் ஹரப்பா கூடம், செப்புத் திருமேனிகள் கூடம், இந்த இரண்டை மட்டும் நிதானமாகப் பாருங்கள். ஹரப்பா கூடத்தில் நேராக மொகஞ்சதாரோவின் நடன மங்கையிடம் போங்கள். பாடப்புத்தகத்தில் பக்கம் நிறையப் படம் போட்டிருப்பதால், ஆள் உயரச் சிலையாக இருக்கும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டு வருவார்கள். அவள் உயரம் பத்தரை சென்டிமீட்டர்தான். உள்ளங்கையில் நிறுத்திவிடலாம். "இவ்வளவுதானா டீச்சர்?" என்று கேட்காத பிள்ளை இல்லை. அப்படிக் கேட்கிற பிள்ளையிடம் வளையல்களை எண்ணச் சொல்வேன். இடது கையில் மணிக்கட்டிலிருந்து தோள் வரை அடுக்கியிருக்கிறாள். வலது கையில் சிலதான், அந்தக் கையை இடுப்பில் ஊன்றியிருக்கிறாள். முகவாய் நிமிர்ந்திருக்கும். பாதங்கள் உடைந்து போய்விட்டன. எண்ணி முடிக்கும்போது பிள்ளை கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும். நாலாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் மெழுகில் உருட்டிச் செய்து, மேலே மண் பூசி, சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகத்தை ஊற்றியிருக்கிறார் என்பதை அந்த நேரத்தில் சொன்னால் மண்டையில் ஏறும். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் கையாளுவது அந்த மெழுகு முறையைத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மதியத்துக்கு எதை வைப்பது என்பதை உங்கள் மகனே முடிவு செய்யட்டும். அடுத்த பதிலில் அதைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் பையனுக்கு எட்டு வயது. மியூசியம் என்றாலே முகத்தைச் சுளிக்கிறான். டெல்லிக்குப் போகும்போது அவனைக் கூட்டிக்கொண்டு போகலாமா, ஹோட்டலில் தாத்தாவோடு விட்டுவிடலாமா?
வாசகர், திருப்பூர்

விட்டுவிட வேண்டாம். சாணக்யபுரியில் தேசிய ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது, 1977இல் திறந்தது. பெரும்பகுதி திறந்தவெளி. பையன் ஓடலாம், சத்தம் போடலாம், யாரும் "உஷ்" என்று சொல்லமாட்டார்கள். சுற்றிவர ஒரு குட்டி ரயிலும் உண்டு. அங்கே நான் விரும்பிப் பார்ப்பது பாட்டியாலா சமஸ்தானத்தின் ஒற்றைத் தண்டவாள ரயில். 1907இல் ஓடத் தொடங்கியது. ஒரே ஒரு தண்டவாளம்தான், பாரத்தில் பெரும்பகுதி அதன் மேல். வண்டி சாயாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சாதாரணச் சாலை மேலேயே உருண்டு வரும். இதைப் பையனிடம் நீங்கள் விளக்காதீர்கள். "இது ஏன் கீழே விழவில்லை?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவனே குனிந்து, சுற்றி வந்து, கண்டுபிடித்துச் சொல்வான்.

மழையோ கடும் குளிரோ என்றால் பொம்மை அருங்காட்சியகம். கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965இல் தொடங்கியது. ஐ.டி.ஓ. மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில், நேரு ஹவுஸ் கட்டடத்தில் இருக்கிறது. பல நாட்டு பொம்மைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஹங்கேரி நாட்டுத் தூதர் சங்கரிடம் கொடுத்த ஒரு பொம்மையிலிருந்து வளர்ந்தது இந்தச் சேகரிப்பு.

டெல்லியில் பாலம் என்ற பகுதியின் பக்கம் சுலப் நிறுவனத்தின் கழிப்பறை அருங்காட்சியகமும் உண்டு. எட்டு வயதுப் பையன்களுக்கு அதைவிடப் பிடித்த இடம் டெல்லியில் இல்லை என்பது என் அனுபவம். சிரித்துக்கொண்டே உள்ளே போவார்கள். மனிதக் கழிவை மனிதர் சுமந்த கொடுமையைப் பற்றி வெளியே வந்ததும் கேள்வி கேட்பார்கள். அதற்கு நீங்கள் பதில் தயாராக வைத்திருங்கள்.

கேள்வி: எங்கள் மாவட்டத்துத் திருவரங்குளம் நடராசர் டெல்லி அருங்காட்சியகத்தில் இருக்கிறார் என்று படித்தேன். பூசை நடக்க வேண்டிய சாமியைக் கண்ணாடிக்குள் நிறுத்தி வைப்பது சரியா? திருப்பிக் கேட்கக் கூடாதா?
கல்லூரி மாணவர், புதுக்கோட்டை

தம்பி, உங்கள் வருத்தம் நியாயமானது. அந்தக் கூடத்தில் நின்று கைகூப்பிக் கும்பிடுகிற நம் ஊர் முதியவர்களை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எனக்கும் அங்கே செருப்போடு நிற்கக் கூச்சமாக இருக்கும்.

முதலில் அவரை நேரில் பாருங்கள். நாம் காலண்டரில் பார்த்துப் பழகிய தூக்கிய திருவடி அவரிடம் இல்லை. இரண்டு முழங்கால்களும் பக்கவாட்டில் மடங்கி, இடது காலை மேலே வீசாமல் ஆடுகிறார். சதுர தாண்டவம் என்பார்கள். சோழர் காலத் திருமேனிகளில் இந்த நிலை அபூர்வம். ஆட்டத்தின் வேகம் காலில் தெரியாமல் உடம்புக்குள்ளேயே அடங்கி நிற்கும். முன்னால் நின்று பார்த்துவிட்டு, பக்கவாட்டிலும் போய் நின்று பாருங்கள். கருவறை வாசலிலிருந்து, அலங்காரத்துக்கும் மாலைக்கும் நடுவே, இந்தக் கோணம் நமக்குக் கிடைக்காது.

இனி உங்கள் கேள்வி. திருடிக் கொண்டுபோன சிலை என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை, திரும்ப வந்தே ஆக வேண்டும். பத்தூர் நடராசருக்காக லண்டன் நீதிமன்றத்தில் வழக்காடி 1991இல் மீட்டார்கள். ஸ்ரீபுரந்தான் நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் ஐம்பது லட்சம் டாலர் கொடுத்து வாங்கியிருந்தது. களவு அம்பலமாகி, 2014இல் அந்நாட்டுப் பிரதமரே டெல்லிக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தார்.

ஆனால் அருங்காட்சியகத்தில் இருப்பதெல்லாம் களவுப் பொருள் அல்ல. படையெடுப்புக்குப் பயந்து நம் முன்னோர் மண்ணில் புதைத்து வைத்த திருமேனிகள் ஏர் ஓட்டும்போதும் கிணறு வெட்டும்போதும் கிடைத்திருக்கின்றன. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அவை அரசுக்கு வந்தன. திருவெண்காட்டில் அப்படிக் கிடைத்தவைதான் தஞ்சைக் கலைக்கூடத்தின் பெருமை. இன்னொரு பக்கம், பாதுகாப்பு இல்லாத கோயில்களின் திருமேனிகள் திருவாரூர் போன்ற ஊர்களின் பாதுகாப்பு மையங்களில் பூட்டிக் கிடக்கின்றன. அங்கே தினசரி பூசையும் இல்லை, பார்க்க வருகிறவர்களுக்கு அனுமதியும் இல்லை. அதைவிடக் கண்ணாடிக் கூண்டு மேல் என்றே எனக்குப் படுகிறது.

நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு திருமேனியின் கீழும் ஊர் பெயர், கோயில் பெயர், எந்த ஆண்டில் எந்த வழியாக அங்கே வந்தது என்ற விவரம், இவை தமிழிலும் எழுதப்பட வேண்டும். இப்போதைய பலகைகளில் "சோழர், தமிழ்நாடு, இன்ன நூற்றாண்டு" என்பதோடு முடித்துவிடுகிறார்கள். தன் ஊர்ச் சாமியைத் தேடி வருகிற ஒருவருக்கு அது போதாது. நீங்கள் எழுதுங்கள். திருமேனி வந்த வழி என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் ஊர் இளைஞர்களோடு சேர்ந்து கேளுங்கள். திருப்பிக் கேட்பதா வேண்டாமா என்பதை அந்தப் பதிலைப் பார்த்தபின் முடிவு செய்யலாம்.

கேள்வி: அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, மூட்டுவலி. காந்தி இறந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார். ரொம்ப நடக்க வேண்டுமா?
வாசகி, நாகர்கோவில்

அதிகம் இல்லை. தீஸ் ஜனவரி மார்க்கில் இருக்கும் காந்தி ஸ்மிருதிதான் அந்த இடம். அப்போது பிர்லா மாளிகை. ராஜ்காட் வேறு, அது தகனம் செய்த இடம். ஆட்டோக்காரர்கள் சிலசமயம் அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள், தெளிவாகச் சொல்லுங்கள். பக்கத்து மெட்ரோ நிலையம் லோக் கல்யாண் மார்க். முட்டிவலிக்கு அங்கிருந்து ஆட்டோ வைப்பதுதான் நல்லது. நுழைவுக் கட்டணம் இல்லை.

காந்தி தம் கடைசி 144 நாட்களைக் கழித்த அறை அப்படியே இருக்கிறது. தரையில் விரிப்பு, சாய்மானம், குட்டி எழுது மேசை. அறையிலிருந்து பிரார்த்தனை மைதானம் வரை அவர் கடைசியாக நடந்த வழியில் பாதத் தடங்களைச் சிமெண்டில் பதித்திருக்கிறார்கள். அம்மா மெதுவாக அதன் ஓரமாகவே நடக்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

அம்மாவுக்குத் தெம்பு இருந்தால், அருகிலேயே சஃப்தர்ஜங் சாலையில் இந்திரா காந்தி இல்லம். அவர் சுடப்பட்டபோது கட்டியிருந்த சேலையும், ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் அணிந்திருந்த உடையின் மிச்சமும் காலணியும் அங்கே இருக்கின்றன. மனம் இளகியவர் என்றால் முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப்போங்கள்.

கேள்வி: நவீன ஓவியம் எனக்குப் புரியாது. ஆனாலும் தேசிய நவீனக் கலைக்கூடம் இருக்கும் ஜெய்ப்பூர் ஹவுஸுக்குப் போகச் சொல்கிறார்கள். போகலாமா?
வாசகர், சென்னை

நீங்கள் சென்னைக்காரர் என்பதாலேயே போகலாம். புல்வெளியில் பாறையை நெம்பித் தள்ளும் உழைப்பாளிகளைப் பார்ப்பீர்கள். நம் மெரினாவில் இருக்கும் அதே உழைப்பாளர் சிலைதான். செய்தவர் சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. உள்ளே அம்ரிதா ஷெர்கில் 1937இல் தென்னாட்டுப் பயணத்துக்குப் பிறகு வரைந்த 'பிரம்மச்சாரிகள்' ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். வெற்று மேனியும் பூணூலுமாக உட்கார்ந்திருக்கும் அந்தப் பையன்களைப் புரிந்துகொள்ள யாருடைய விளக்கமும் தேவையில்லை.

கேள்வி: ஜனவரியில் போவதா, பிப்ரவரியிலா?
வாசகர், சேலம்

பிப்ரவரி. ஜனவரி முழுக்கப் பனிமூட்டத்தில் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். குடியரசு தின அணிவகுப்பு ஒத்திகைக்காகக் கர்த்தவ்ய பாதையைச் சுற்றிய சாலைகளையும் அடிக்கடி அடைத்துவிடுவார்கள், தேசிய அருங்காட்சியகம் அதை ஒட்டித்தான் இருக்கிறது. மத்திய அரசின் செயலகமாகக் கட்டிய வடக்கு, தெற்கு பிளாக் கட்டடங்களில் புதிய தேசிய அருங்காட்சியகம் அமைக்கும் திட்டமும் நடப்பதால், டிக்கெட் எடுக்கும் முன் எந்தக் கூடம் எங்கே திறந்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை எல்லோருக்கும் கையில் இருக்கட்டும். பிப்ரவரியிலும் காலையில் ஸ்வெட்டர் வேண்டும்.