கேளுங்கள், சொல்கிறேன்: ஒற்றை வளைவுப் பாலம்

கேள்வி: என் மகள் பிரான்சில் மோன்பெலியே நகரில் படிக்கிறாள். விடுமுறைக்கு வரச் சொல்கிறாள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ஆற்றின் நடுவே ரோமானியப் பாலம் ஒன்று ஒற்றை வளைவாக நிற்கிறதாம். 2000 ஆண்டு நிற்கிற பாலம்! நம் ஊரில் அப்படிக் கட்ட ஆள் இல்லையா?
– வாசகி, செல்லூர்

பதில்: அது விதூர்ல் ஆற்றின் அம்ப்ருசம் பாலம், அம்மா. பதினொரு வளைவுகள் இருந்ததாகச் சொல்கிறார்கள். 1857இல் ஓவியர் குர்பே வரைந்தபோது இரண்டு மிஞ்சியிருந்தன. 1933 வெள்ளம் அதில் ஒன்றையும் கொண்டுபோனது. பத்து வளைவுகளை ஆற்றுக்குக் கொடுத்த பாலத்தைக் காட்டி நம் ஊர்ப் பொறியாளர்களைத் திட்டலாமா? பாலம் கட்டியே பிழைத்தவன், அதனால் கொஞ்சம் சூடாகத்தான் கேட்பேன்.

கட்டியவர்கள் கெட்டிக்காரர்கள், மறுக்கவில்லை. விதூர்ல் கோடையில் சாது. அது பிறக்கும் செவென் மலையில் மழை கொட்டினால் சில மணி நேரத்தில் கரை புரளும். தண்ணீரைப் பிளக்கத் தூண்களுக்கு மூக்கு வைத்தார்கள். தூண்களுக்கு மேலே வெள்ளம் புகுந்து போகத் திறப்பும் விட்டார்கள். அப்படியும் போயிற்று.

அதே ஆற்றில் மேலே சோமியேர் என்ற ஊர். அங்கே ரோமானியப் பேரரசன் திபேரியஸ் காலத்துப் பாலம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. உடைந்த இடங்களை ஊரார் சரிசெய்துகொண்டே இருந்தார்கள். அம்ப்ருசத்தில் ஊரே காலியாகிவிட்டது. கல் இடுக்கில் முளைத்த செடியைப் பிடுங்க யார் இருந்தார்கள்? 1889இல் வைகையின் குறுக்கே திறந்த நம் மதுரை ஏ.வி. மேம்பாலத்தின் மேல் பஸ்ஸில் போகிறீர்களே, அதை ஒருநாளாவது அண்ணாந்து பார்த்தீர்களா?

போய் வாருங்கள். மோன்பெலியேயின் ஃபாப்ர் அருங்காட்சியகத்தில் குர்பேயின் ஓவியம் இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள், காணாமல் போன வளைவு தெரியும். பாலத்தோடு திரும்பிவிடாமல் பக்கத்துக் குன்றில் ஏறுங்கள். கல் பாவிய தெருவில் வண்டிச் சக்கரம் அறுத்த தடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. எனக்குப் பாலத்தைவிட அதுதான் பெரிது. கடலோரத்தில் எக்-மோர்த் உப்பளங்களில் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருக்கும். நம் கோடியக்கரைக்கு வரும் பூநாரை இனம் அங்கும் மேயும். செப்டம்பர், அக்டோபரில் மழை எச்சரிக்கை விட்டால் ஆற்றுப்பக்கம் போகவே வேண்டாம்.

கேள்வி: ரோமானியர் வைகைக் கரைக்கு வந்ததற்குத் தடயம் உண்டா?
– வாசகர், பரவை

பதில்: அவர்கள் சரக்கு வந்தது உறுதி. வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகே, இராமநாதபுரம் மாவட்டம் அழகன்குளத்தில், ரோமானியக் காசுகளும் மது ஜாடிச் சில்லுகளும் அகழாய்வில் கிடைத்தன. கப்பல் படம் கீறிய பானை ஓடும் உண்டு. பாலம்தான் எதுவும் கட்டிவிட்டுப் போகவில்லை.