வேலை போனபின் விடியற்காலை 3 மணி முழிப்பு

வேலை போனதுலேருந்து விடியற்காலை 3 மணிக்கே முழிப்பு வந்துடுது, என்ன செய்யறதுன்னு கேட்டு எழுதியிருந்தீங்க. முழிப்பு வந்ததும் படுக்கையிலேயே புரளாதீங்க. இருபது நிமிஷம் போல ஆகியும் தூக்கம் வரலைன்னா எழுந்து வேற இடத்துல, மங்கின வெளிச்சத்துல உட்காருங்க. கண் சொக்கினா மட்டும் திரும்பப் படுங்க.

"9 மணி வரை படுத்தும் அசதி"ன்னு எழுதியிருக்கீங்களே, சிக்கல் அங்கதான்னு தோணுது. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் 6:30க்கு எழுந்திடுங்க. ஒரு வாரம் எழுந்த நேரத்தைக் குறிச்சுப் பாருங்க.

சாயங்காலம் 15 நிமிஷம் கவலைக்குன்னே ஒதுக்குங்க. நோட்டுல இடப்பக்கம் கவலை: "அடுத்த மாச இஎம்ஐ". வலப்பக்கம் நாளைக்கே செய்யக்கூடிய ஒண்ணு: "தவணை தள்ளிவைக்க பேங்க்ல கேட்கணும்". "தைரியமா இருக்கணும்"னு எழுதினா கணக்குல சேராது.

முதல் சில நாள் பகல் அசதி கூடும். வண்டி ஓட்டும்போது கவனம். ரெண்டு வாரமா எதிலயும் மனசு ஒட்டலைன்னா டாக்டரைப் பாருங்க. சாகணும்கிற நினைப்பு வந்தா உடனே 14416க்கு (அரசோட மனநல உதவி எண்) ஃபோன் பண்ணுங்க, இலவசம், 24 மணி நேரமும்.